மானுக்கு விதைப்பவரிடம் கேட்ட கேள்விகள்

விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்குக் குன்றுப் பகுதியில், நண்பர் ஒருவருக்குச் சொந்தமான 40 ஏக்கர் நிலத்தில், 12 ஆண்டுகளாக வெண்வால் மான்களுக்குத் தீவனம் பயிரிட்டு வருகிறேன். இலையுதிர்காலத்தில் அங்கேயே வேட்டையும் ஆடுகிறேன். அமெரிக்காவில் வாழும் தமிழ் அன்பர்களும் ஊரிலிருந்து சிலரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஃபுட் பிளாட் என்பது மானுக்கு இரை வைத்துச் சுடுவதுதானே, ஐயா?

பதில்: சட்டம் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது, நானும் அப்படித்தான் பார்க்கிறேன். மக்காச்சோளத்தை மூட்டையாக வாங்கிவந்து காட்டில் கொட்டினால் அது இரை வைத்தல். விதைத்த பயிரை அது வளர்ந்த இடத்திலேயே மான் மேய்ந்தால் அது ஃபுட் பிளாட், அதாவது தீவனக் கொல்லை. சிடபிள்யூடி எனப்படும் மான் நலிவு நோய் விஸ்கான்சினில் 2002-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நோயுற்ற மானின் எச்சில், சிறுநீர், சாணம் ஆகியவற்றின் வழியே பரவும் அந்நோய்க்கு மருந்தில்லை. அதற்குக் காரணமான பிரியான் புரதம் மண்ணில் பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். ஒரே குவியலில் பத்து மான்கள் வாய் வைப்பது எவ்வளவு கேடு என்பதை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் நோய் கண்ட கவுண்டிகளில் (மாவட்டங்களில்) இரை கொட்டுவதற்குத் தடை இருக்கிறது. கொல்லையிலும் மான்கள் கூடத்தான் செய்யும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அரை ஏக்கரில் பரவி மேய்வதும் ஒரு குவியலைச் சுற்றி நிற்பதும் ஒன்றல்ல.

கேள்வி: அரை ஏக்கர் இடம் இருக்கிறது. எந்த விதை வாங்கலாம்?

பதில்: விதை வாங்குமுன் மண்ணைச் சோதியுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், முதலாண்டில் நானே அதைச் செய்யாமல், உறையில் கொம்பு மானின் படம் போட்ட விலையுயர்ந்த க்ளோவர் (பயறுக் குடும்பத் தீவனச் செடி) விதையை வாங்கித் தூவிவிட்டு, ஜூலையில் மஞ்சள் பாய்ந்து கிடந்த நாற்றுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சோதித்ததில் மண்ணின் அமில-கார அளவான பிஎச் 5.4, அதாவது அமில மண், என்று வந்தது. க்ளோவருக்கு 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்க வேண்டும். அமில மண்ணில் நீங்கள் போடும் உரத்தில் பெரும்பகுதி வேருக்கு எட்டாது; வேர்முண்டுகளில் தழைச்சத்தைப் பிடித்துத்தரும் ரைசோபியம் நுண்ணுயிரும் நன்றாக வேலை செய்யாது. சோதனைச் சீட்டு சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்புத் தூள் இட்டு மண்ணில் கலந்துவிடுங்கள். அது வேலை செய்ய ஆறு மாதமாவது ஆகும் என்பதால், இந்த இலையுதிர்காலத்தில் இட்டால்தான் அடுத்த வசந்தத்தில் பலன் தெரியும்.

அதன்பின் வெள்ளைக் க்ளோவர் போடலாம். ஏக்கருக்கு ஆறிலிருந்து எட்டு பவுண்டு போதும். விதை கடுகைவிடச் சிறியது. கால் அங்குலத்துக்குக் கீழே புதைந்தால் முளைக்காது. என் நண்பரின் தந்தையார் சொல்லித்தந்த முறை ஒன்று உண்டு. மார்ச் மாதத்தில், இரவில் உறைந்து பகலில் இளகும் நிலத்தின் மேல் விதையைத் தூவிவிட்டால், வெடிப்புகள் திறந்து மூடும்போது மண்ணே விதையை உள்ளே வாங்கிக்கொள்கிறது. ஏர், டிராக்டர் எதுவும் வேண்டியதில்லை.

கேள்வி: வேட்டைக் காலத்தில் பசுமையாக நிற்க என்ன விதைக்க வேண்டும்?

பதில்: இப்பகுதியில் ஜூலை இறுதி முதல் ஆகஸ்டு முதல் வாரத்துக்குள் டர்னிப், முள்ளங்கி, ரேப் ஆகிய கடுகுக் குடும்பப் பயிர்களை விதைப்பேன். உறைபனி விழுந்தபின் அவற்றின் இலை இனிப்பேறும். அதுவரை முகர்ந்துவிட்டுப் போன மான்கள் நவம்பரில் வரிசைகட்டி வரும். ஆகஸ்டு இறுதியில் ஓட்ஸும் கோதுமை போன்ற தானியமான குளிர்கால ரையும் கலந்து போடலாம். ஓட்ஸ் கடும் பனியில் மடிந்துவிடும். ரை பனிக்கடியிலும் உயிரோடிருந்து மார்ச்சில் முதலில் தழைக்கும். கடுகுக் குடும்பத்தை ஒரே இடத்தில் தொடர்ந்து போடாதீர்கள். மூன்றாம் ஆண்டு நான் பிடுங்கிய டர்னிப்பின் வேர்கள் கரணை கரணையாக வீங்கி, இஞ்சிக் கிழங்கைப் போல் இருந்தன. வேர்முடிச்சு நோய். அந்த இடத்தை இன்றுவரை க்ளோவருக்கே விட்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கொல்லையில் பயிர் வளரவே இல்லை. மான் மேய்கிறதா, விதை சரியில்லையா?

பதில்: விதைத்த அன்றே நான்கடி விட்டத்தில் ஒரு கம்பிவலைக் கூண்டு செய்து கொல்லையின் நடுவில் ஊன்றிவிடுங்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, என் கூண்டுக்குள் க்ளோவர் முழங்காலுக்கு நின்றது. வெளியே இரண்டு விரற்கடை உயரம்கூட இல்லை. அப்படியிருந்தால் மான் மிகுதி என்று பொருள். உள்ளேயும் வளரவில்லையென்றால் குறை மண்ணில் இருக்கிறது. கடித்த தண்டையும் உற்றுப் பாருங்கள். மானுக்கு மேல்வாயில் முன்பற்கள் இல்லாததால் தண்டு பிய்ந்து நாராகத் தெரியும். முயல் கடித்திருந்தால் கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல் இருக்கும்.

கேள்வி: ஜனவரிப் பனியில் மெலிந்த மான்களைப் பார்க்க மனம் தாங்கவில்லை. சோளம் வைக்கலாமா?

பதில்: உங்கள் இரக்கம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் வைக்காதீர்கள். மான் அசைபோடும் விலங்கு. குளிர்காலத்தில் அதன் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் சுள்ளியையும் மொட்டையும் செரிக்கப் பழகியிருக்கும். அவை மாவுச்சத்துக்கு மாற இரண்டு மூன்று வாரங்கள் வேண்டும். திடீரென்று வயிறு நிறையச் சோளம் தின்றால் இரைப்பை அமிலமாகி, வயிறு நிறைந்த நிலையிலேயே மான் செத்துப்போகும். காட்டோரத்தில் சில மரங்களை வெட்டிச் சாய்த்து, அவற்றின் நுனிக்கிளைகள் மானின் வாய்க்கு எட்டும்படி விடுவது எந்தச் சோளத்தையும்விட நல்ல உதவி.

கேள்வி: நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வேட்டையாட முடியுமா, அண்ணா?

பதில்: முடியும், ஆனால் கவனம் தேவை. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. மாநிலம் முறைப்படி வழங்கிய வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. உரிமம் காலாவதியாகும் நாளை மறக்கக்கூடாது என்பது இதன் பொருள். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் விஸ்கான்சினில் உரிமம் பெற, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் வில்லில் தொடங்குங்கள். துப்பாக்கிச் சட்டத்தின் இந்தச் சிக்கல் வில்லுக்கு இல்லை. செப்டம்பர் நடுவிலிருந்தே பருவமும் உண்டு.

கேள்வி: நீலகிரியில் எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. அங்கே இப்படிச் செய்யலாமா?

பதில்: கூடாது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அந்தச் சட்டம் அங்கே தேவையானதும்கூட.

கேள்வி: சோறு போட்டு வளர்த்துவிட்டு அதையே கொல்வது எப்படி நியாயம்? என் மகள் கேட்கிறாள்; எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில்: இந்தக் கேள்வியை நானும் ஒவ்வொரு நவம்பரிலும் எதிர்கொள்கிறேன். சந்தைக்காகக் கணக்கின்றிச் சுட்டதில், 1900-ஐ ஒட்டி இந்நாட்டில் ஏறத்தாழ 5 லட்சம் வெண்வால் மான்களே எஞ்சியிருந்தன என்று மதிப்பிடுகிறார்கள். காட்டு மானின் இறைச்சி விற்பனையை நிறுத்தி, பருவமும் உரிமமும் விதித்தபின் அவை மீண்டன. இன்று ஏறத்தாழ 3 கோடி. ஓநாய் இல்லாத இந்தத் தென்பகுதியில் மான் அளவுக்கு மிஞ்சினால் ஓக் நாற்று ஒன்றுகூடத் தலையெடுப்பதில்லை. காட்டுத் தரையில் வசந்தத்தில் பூக்கும் செடிகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. ஆகையால், தீவனம் விதைப்பவனுக்குப் பெண் மானைச் சுடும் கடமையும் உண்டு என்று நம்புகிறேன். கொம்புக்காக மட்டும் காத்திருந்துகொண்டு கொல்லை போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் மகளிடம் இவற்றைச் சொல்லுங்கள். அதன்பிறகும் அவளுக்கு அது தவறாகப்பட்டால் அதையும் மதியுங்கள்.

கேள்வி: பத்து வயது மகனை அழைத்துப் போகலாமா?

பதில்: அழைத்துப் போங்கள், முதல் ஆண்டு பார்ப்பதற்கு மட்டும். பயிற்சி முடிக்காத சிறுவரும் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் இங்கே வேட்டையாடலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. துப்பாக்கிப் பருவத்தில் இருவருமே ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு ஒளிர்நிற உடை அணிய வேண்டும். மரத்தின் மேல் உட்காருவதானால், தரையை விட்டுக் கால் எழும் கணத்திலிருந்தே இடுப்பு, தோள், தொடை மூன்றையும் பிடிக்கும் வார்க்கச்சை கட்டாயம்.

கேள்வி: இறைச்சியை நம் முறையில் எப்படிச் சமைப்பது?

பதில்: முதலில் தலையை இயற்கை வளத் துறையின் சேகரிப்புப் பெட்டியில் சேர்த்து, நோய்ச் சோதனை முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியே உறையவையுங்கள். சோதனைக்குக் கட்டணமில்லை. நோயுள்ளது என்று வந்தால் உண்ணக்கூடாது. நல்லதென்று வந்தபின், கொழுப்பு முழுவதையும் வெள்ளைச் சவ்வையும் கத்தியால் எடுத்துவிடுங்கள்; ஆட்டுக் கொழுப்பின் ருசி இதற்கில்லை, அண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டும். முதுகுச் சதையைச் சிறு துண்டுகளாக்கி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலையோடு பெருந்தீயில் சில நிமிடங்களே வதக்கி, இறக்கும்போது மிளகைத் தட்டிப்போட வேண்டும். கூடுதலாக வைத்தால் தோலாகிவிடும். கழுத்தும் முன்தொடையும் குக்கரில் ஆறு விசில் கேட்கும். அவற்றைக் குழம்புக்கு வையுங்கள். சென்ற ஆண்டு இரண்டு பெண் மான்கள் கிடைத்தன. ஒன்றை நில உரிமையாளர் வீட்டுக்கும் ஒன்றை எங்கள் தெருவில் ஐந்து வீட்டுக்குமாகப் பங்கிட்டோம். எனக்கென்று வைத்துக்கொண்ட தொடையில் பாதியை உப்புக்கண்டம் போட்டிருக்கிறேன்.