முனைவர் பட்டம் இல்லாத எண்ணெய்த் தொழிலதிபர் எப்படிப் பல்கலைக்கழகத் தலைவர் ஆனார்?

அமெரிக்காவில் பல்கலைக்கழகத் தலைவர் என்றால் தலைமை நிர்வாகி. பட்ஜெட், நன்கொடை, அரசோடு பேச்சு எல்லாம் அவர் தலையில்.

புரூஸ் பென்சன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நிலவியல் இளங்கலை படித்தவர். 1965இல் எண்ணெய், எரிவாயு நிறுவனம் தொடங்கினார். 1994இல் கொலராடோ மாநில ஆளுநர் (அங்கே மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர்) தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று தோற்றார். 2008இல் அதே பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 2019 வரை நீடித்தார்.

அவரை ஏன் தேடினார்கள்? பணம்தான். 1992இல் வந்த அரசியலமைப்புத் திருத்தத்தால், வாக்காளர் சம்மதம் இல்லாமல் கொலராடோவில் வரியை உயர்த்த முடியாது. அரசு நிதி சுருங்க, நன்கொடை திரட்டத் தெரிந்த ஆள் தேவைப்பட்டார். கோயில் திருப்பணிக் குழுவுக்கு ஊர் மொத்த வியாபாரியைத் தலைவராக்குவது போல. பூசையை அர்ச்சகர் பார்த்துக்கொள்வார்.

எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. ஆட்சிக்குழுவின் 9 பேரும் கட்சி சார்பில் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். அவரை நியமிக்கும் வாக்கு 6-3, அப்படியே கட்சிவாரியாகப் பிரிந்தது. அவர் கட்சிக்காரர் என்பதே முனைவர் பட்டம் இல்லாததைவிடப் பெரிய சிக்கல்.

தொழிலதிபர் தலைவரானால் பல்கலைக்கழகம் தனியார்மயம் ஆகிவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். கொலராடோ இன்றும் அரசுப் பல்கலைக்கழகமே, தலைவரை நியமிப்பதும் நீக்குவதும் அந்த 9 பேர் குழுதான்.