சிஎஸ்எஸ் (வெப்சைட்டின் தோற்றத்தை எழுதும் மொழி) ஃப்ரேம்வொர்க், அதாவது யாரோ முன்பே எழுதி வைத்த தொகுப்பு, பயன்படுத்தலாமா, எல்லாவற்றையும் நாமே எழுதுவது நல்லதா?

கல்லூரிக் கடைசி ஆண்டில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வேலைக்குப் போய்விட்டால் இந்தக் கேள்வி வராது. அங்கே எது ஓடுகிறதோ அதைத்தான் நாமும் எழுதணும்.

பயன்படுத்துங்கள். நான் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு சின்னச் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவன், பூட்ஸ்டிராப் என்கிற ஃப்ரேம்வொர்க்கில் பிழைத்தவன். 2019-ல் சந்தூர் பக்கம் மாங்கன்று நர்சரி வைத்திருக்கும் ஓர் அண்ணனுக்கு ஒரு சைட் செய்தேன். பெங்களூரா, செந்தூரா, மல்கோவா, இமாம்பசந்த் என்று ஒவ்வொரு ஒட்டுக்கன்றுக்கும் ஒரு கார்டு. ‘கால்-எம்டி-4’ என்று ஒரு கிளாஸ் (தோற்றத்துக்கான பெயர்) போட்டால் போதும், கம்ப்யூட்டரில் வரிசைக்கு மூன்று கார்டு நிற்கும். அகலம் 768 பிக்சலுக்குக் கீழே போனால் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிவிடும். இரண்டு ராத்திரியில் வேலை முடிந்தது.

வினை பிறகு வந்தது. 2021-ல் பூட்ஸ்டிராப் 5 வந்தது, இனி ஜேகுவரி (அதுவரை கூடவே சேர்க்க வேண்டியிருந்த ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு) வேண்டாம் என்றார்கள். எனக்கும் ஆசை. லிங்குகளில் 4 இருந்த இடத்தில் 5 போட்டேன், ஜேகுவரி வரியை அழித்தேன், லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். வலப்பக்கம் இருந்த மெனு இடப்பக்கம் நகர்ந்திருந்தது. சரி, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று தூங்கப் போய்விட்டேன்.

நாலு நாள் கழித்து அண்ணன் போன் செய்தார். “தம்பி, அந்த மூணு கோட்டை அமுக்குனா ஒண்ணுமே வரல. ஒரு போனும் இல்ல, கன்னெல்லாம் கவர்லயே நிக்குது.” மூணு கோடு என்றது போனில் மெனுவைத் திறக்கும் பட்டனை. அவருடைய நம்பரை அந்த மெனுவுக்குள்தான் வைத்திருந்தேன். மழை ஆரம்பித்து கன்று விற்கிற சமயம் வேறு.

காரணம் இவ்வளவுதான். 5-ல், மெனுவைத் திறக்க வைக்கிற ‘டேட்டா-டாகிள்’ என்பதை ‘டேட்டா-பிஎஸ்-டாகிள்’ ஆக்கிவிட்டார்கள். மெனுவை வலப்பக்கம் தள்ளுகிற ‘எம்எல்-ஆட்டோ’ போய் ‘எம்எஸ்-ஆட்டோ’ வந்துவிட்டது. மெனு இடம் மாறியது அதனால்தான். எல்லாம் அவர்கள் ஆவணத்தில் தெளிவாக இருக்கிறது, படிக்காதது நான். ஆகவே “ஃப்ரேம்வொர்க்கைக் குறை சொல்லாதே” என்று கமெண்டில் வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். டெயில்விண்ட் என்கிற இன்னொரு ஃப்ரேம்வொர்க்கின் ஆட்களும்தான். நாம் பயன்படுத்திய கிளாஸை மட்டும் அது கடைசி ஃபைலில் வைக்கும், பூட்ஸ்டிராப் மாதிரி மூட்டை கட்டி அனுப்பாது என்று எனக்கும் தெரியும். ஆனால் சிஎஸ்எஸ் தெரியாதவன் அதில் ஒரு வரியும் எழுத முடியாது. அங்கே பெரும்பாலான கிளாஸ்கள் ஓரிரு சிஎஸ்எஸ் பண்புகள்தான்.

எனக்கு வலித்த இடம் இன்னொன்று. பெங்களூரில் ஒரு இண்டர்வியூவில், ஃப்ரேம்வொர்க் இல்லாமல் ஒரு பெட்டியைத் திரைக்கு நடுவில் நிறுத்தச் சொன்னார்கள். முழித்தேன். சிஎஸ்எஸிலேயே இருக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் என்கிற அடுக்கும் வசதியில் மூன்று நான்கு வரி வேலை அது! எழுந்து வரும்போது ஒருவர், “கிருஷ்ணகிரியா, டோல்கேட் ஊர்தானே?” என்றார். அந்த இண்டர்வியூவுக்கு ஓசூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன் என்பது அவருக்கு எதற்கு? 2004-ல் தனி மாவட்டமாகி இத்தனை வருஷம் ஆகியும் மாவட்டத் தலைநகரில் ரயில் நிலையம் கிடையாது. மாம்பழக் கண்காட்சிக்கு வருகிற பெரியவர்கள் காரில் வருகிறார்கள், அவர்களுக்கு அது தெரிவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் போன் செய்த அன்று இரவு மெனுவை மட்டும் சரிசெய்தேன். அப்புறம் உட்கார்ந்து கிரிட் (பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அடுக்கும் சிஎஸ்எஸ் வசதி) கற்றேன். 2017 மார்ச்சிலேயே குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்துவிட்ட சமாச்சாரம், எனக்குத்தான் தாமதம். நர்சரி சைட்டை பூட்ஸ்டிராப் இல்லாமல் முழுக்கத் திரும்ப எழுதினேன். நம்பரை மெனுவிலிருந்து எடுத்து முதல் திரையிலேயே பெரிதாக வைத்தேன். அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன்.

“அப்படியா தம்பி? பழசு மாதிரியே இருக்குதே” என்றார். அதற்குக் காசு கேட்க வாய் வரவில்லை.