சிங்கப்பூரில் ஹெத்தை ஹப்பாவுக்கு லீவு உண்டா?

கோத்தகிரித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஜூலையில் சிங்கப்பூரில் ஒரு ஓட்டல் கிச்சனில் வேலைக்குச் சேரப் போகிறாராம். அங்கே எல்லா மதப் பண்டிகைக்கும் லீவு விடுவார்கள் என்று ஏஜென்ட் சொன்னாராம். அப்படியானால் பொங்கல், தைப்பூசம், படகர்கள் ஹெத்தையம்மனுக்கு எடுக்கும் ஹெத்தை ஹப்பா எல்லாம் உண்டா, மற்றவர்கள் பண்டிகையில் நாம் எப்படி நடந்துகொள்வது என்று கேள்வி. நான் குன்னூர்க்காரன், அங்கே போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது, அதே கிச்சன் பிழைப்புதான். தந்தி மாரியம்மன் தேருக்காக வீட்டுக்கு வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தம்பி, ஏஜென்ட் சொன்னது பாதிதான் சரி. எல்லா மதத்துக்கும் லீவு உண்டு, எல்லாப் பண்டிகைக்கும் கிடையாது. வருஷத்துக்கு மொத்தம் 11 நாள் பொது விடுமுறை: ஆங்கிலப் புத்தாண்டு, சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள், நோன்புப் பெருநாள், புனித வெள்ளி, மே தினம், விசாக தினம், ஹஜ்ஜுப் பெருநாள், ஆகஸ்ட் 9 தேசிய தினம், தீபாவளி, கிறிஸ்துமஸ். நமக்கென்று பார்த்தால் தீபாவளி ஒன்றுதான். ஒரு காலத்தில் தைப்பூசமும் இருந்தது. ஆங்கிலேயப் படை வெளியேறப் போகிற நேரத்தில், தொழில் பெருகினால்தான் நாடு பிழைக்கும் என்று 1968இல் விடுமுறைகளைக் குறைத்தார்கள். தீபாவளியா தைப்பூசமா என்று வந்தபோது நம்மவர்கள் தீபாவளியை வைத்துக்கொண்டார்கள், முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாளை விட்டார்கள், கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டர் திங்கள் போனது. எல்லோர் கையிலிருந்தும் ஏதோ ஒன்று போயிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு இருந்த மனக்குறை கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் பாலத்தைத் தாண்டினால் மலேசியாவின் ஜொகூரில் தைப்பூசத்துக்கு விடுமுறை என்பது வருஷா வருஷம் வயிற்றெரிச்சல்தான், அதை மறைக்க மாட்டேன்.

பொங்கலுக்கும் கிடையாது. தேக்கா என்கிற லிட்டில் இந்தியா பக்கம் விளக்கு அலங்காரம் போடுவார்கள், கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம் கிடைக்கும், வேலை மட்டும் வழக்கம்போல நடக்கும். ஹெத்தை ஹப்பாவுக்கு நம் நீலகிரி கலெக்டர் உள்ளூர் விடுமுறை விட்டு ஒரு சனிக்கிழமையில் ஈடு கட்டுவாரே, அந்தச் செல்வாக்கெல்லாம் மாவட்ட எல்லையான பர்லியாறு வரைக்கும்தான்.

சரி, சொந்த லீவு எவ்வளவு? சட்டப்படி முதல் வருஷத்துக்குக் குறைந்தது 7 நாள், பிறகு வருஷத்துக்கு ஒரு நாள் கூடி 14 வரை போகும். மூன்று மாதம் வேலை பார்த்த பிறகுதான் எடுக்கவே முடியும். நீங்கள் ஜூலையில் சேர்ந்தால் டிசம்பருக்குள் உங்கள் கணக்கில் மூன்று நான்கு நாள்தான் ஏறியிருக்கும், ஒப்பந்தத்தில் அதிகம் போட்டிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அதை வைத்துக்கொண்டு ஹெத்தை ஹப்பாவுக்குப் பேரகணிக் கோயிலுக்கு வந்து போவது முதல் வருஷம் நடக்காது, வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். பொது விடுமுறையில் வேலை பார்த்தால் கூடுதலாக ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் வரவேண்டும். என் முதல் ஓட்டலில் இது எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை, எட்டு மாதம் கழித்துச் சம்பளச் சீட்டைப் பார்த்த ஒரு மலாய் அண்ணன்தான் விரலை வைத்துக் காட்டினார். சீட்டை மாதா மாதம் படியுங்கள்.

கிச்சனில் லீவு என்பது பண்டமாற்று. சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள் இரவு அவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் விருந்து, அன்று ஓட்டலில் மூச்சு விட நேரம் இருக்காது. அந்த இரவையும் அடுத்த இரண்டு நாளையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்களாக முன்வந்து சொல்லுங்கள், தீபாவளிக்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்காது. நோன்புப் பெருநாளும் அப்படித்தான். அது பிறைக் கணக்கு என்பதால் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும், காலண்டரைப் பார்த்து முதலிலேயே பேசி வையுங்கள்.

தைப்பூசத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் இருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை மூன்று நான்கு கிலோமீட்டர், நள்ளிரவை ஒட்டியே பால்குடங்கள் கிளம்ப ஆரம்பித்துவிடும். நான் பதினொரு மணிக்கு ஷிப்ட் முடித்து, குளித்து, ஒரு மணிக்குப் பால்குடம் எடுத்து, ஐந்துக்குள் ரூமுக்கு வந்து படுத்திருக்கிறேன், பல வருஷம். லீவே வேண்டாம். நம் ஊர் மாதிரி வழியெல்லாம் மேளம் இருக்காது, குறித்த இடங்களில் மட்டும்தான் இசை. முதல் தடவை வெறிச்சென்றுதான் இருக்கும். வெடியும் அப்படியே, 1972இலேயே தடை. தீபாவளியன்று காலையில் அந்த நிசப்தத்தில் எழுந்திருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

மற்றவர்கள் பண்டிகையில் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டீர்கள். ஊட்டி காந்தலில் குருசடி தேவாலயத் திருவிழாவுக்கு மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு போகிற ஊர் நம் ஊர், ஊட்டி மாரியம்மனுக்கு நாளுக்கு ஒரு சமூகத்தார் உபயம் நடக்கிற ஊர். அதனால் எனக்கு இதெல்லாம் தெரியும் என்ற நினைப்பு முதல் வருஷம் நிறையவே இருந்தது. என்னோடு வேலை பார்த்த சீனப் பையன் புத்தாண்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டான். ஆரஞ்சு இரண்டு எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன், அதுவரை சரி. குழந்தைகளுக்குக் கவரில் பணம் கொடுப்பார்கள், அதற்கு அங் பாவ் என்று பெயர் என்றும் தெரியும். மொய் எழுதிப் பழகிய கை அல்லவா, அம்மா பெட்டியில் வைத்து அனுப்பிய வெள்ளைக் கவரை எடுத்துப் பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டு ஒன்றும், ஒற்றைப்படையாக இருக்கட்டும் என்று ஒரு வெள்ளி நாணயமும் போட்டு, அவன் அக்கா குழந்தையிடம் நீட்டினேன். பாட்டி முகம் மாறியது. பையன் சட்டென்று கவரை வாங்கிக்கொண்டு உள்ளே போனான், சிவப்புக் கவரோடு திரும்பி வந்து அதைக் குழந்தையிடம் கொடுத்தான், அந்த ஒரு வெள்ளியை மட்டும் என் உள்ளங்கையில் வைத்து மூடினான். வெள்ளைக் கவரும் ஒற்றைப்படைத் தொகையும் அவர்களுக்குச் சாவு வீட்டுக்கு உரியவை. போதாததற்கு எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, ஆகாதவர்கள் கொடுக்கவே வேண்டியதில்லையாம், வாங்கிக்கொள்ளலாம்! பாட்டி அப்புறம் எனக்கே ஓர் அங் பாவ் கொடுத்தார். எட்டு வெள்ளி இருந்தது.

சீனக் காலண்டரில் ஏழாம் மாதம் என்று ஒன்று வரும், நம் ஆடி ஆவணியை ஒட்டி. முன்னோரும் ஆதரவற்ற ஆவிகளும் வருவதாகச் சொல்லி, அடுக்குமாடிக்குக் கீழே காகிதப் பணம் எரிப்பார்கள், புல் தரையில் சோறு, ஆரஞ்சு, ஊதுவத்தி வைத்திருப்பார்கள். பார்த்து நடங்கள், மிதித்துவிடாதீர்கள். அந்த மாதம் திறந்தவெளியில் பாட்டுக் கச்சேரி நடக்கும், முன் வரிசை காலியாக இருக்கிறதே என்று போய் உட்காராதீர்கள், அது வராதவர்களுக்கு அல்ல, வந்திருக்கிற ஆவிகளுக்கு.

சாப்பாடு கிச்சனிலேயே புரிந்துவிடும். ஒன்று மட்டும். ஊரிலிருந்து போகும்போது வர்க்கியும் சாக்லேட்டும் எடுத்துப் போவீர்கள்தானே? பேக்கரியில் காகிதத்தில் கட்டிக் கொடுப்பதை விட, என்னென்ன சேர்த்தது என்று அச்சிட்ட பாக்கெட்டாக வாங்குங்கள். மலாய்க்காரர்கள் சிலர் ஹலால் முத்திரை தேடுவார்கள், இல்லையென்றால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்பார்கள், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். சீனர்களிலும் அமாவாசை பௌர்ணமிக்குச் சைவம் சாப்பிடுகிறவர்கள், மாட்டிறைச்சியைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டில் பாட்டிமார் பார்த்த கணக்குத்தான், சொன்னால் சந்தோஷப்படுவார்கள்.

இரண்டாம் வருஷ ஹெத்தை ஹப்பாவுக்கு வர வேண்டுமென்றால், தேதி தெரிந்த அன்றே சூப்பர்வைசருக்கு எழுத்தில் கொடுங்கள். அந்தச் சமயம் கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று ஓட்டல் நிரம்பி வழியும், கடைசி நேரத்தில் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். அப்புறம், உங்கள் அம்மாவும் பெட்டியில் வெள்ளைக் கவர் கட்டு ஒன்று வைப்பார், பார்த்து எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.