கழிவுநீரைச் சுத்தம் செய்கிறோம், கழிவிலிருந்து வளம் எடுக்கிறோம் என்று ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்களால் சாதாரண மக்களுக்குப் பயன் உண்டா?

உண்டு. எந்தப் பாடம் எடுக்கலாம் என்று யோசிக்கும் மாணவர் போலிருக்கிறது நீங்கள். அதனால் எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் அப்பா சின்னதாக ஒரு சேகோ மில், அதாவது ஜவ்வரிசி ஆலை, நடத்தினார். குச்சிக்கிழங்கை (மரவள்ளியை) அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டால் மாவு அடியில் தங்கும். மேலே நிற்கும் புளித்த தண்ணீர் கழிவு. அதைக் குட்டையில் தேக்கினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மாவின் கிணறு அதனால் கெட்டது. அவர் குடத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அந்த வருடம்தான் சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியர் ஒருவர் வந்தார். கழிவுநீரைக் காற்றுப் புகாத தொட்டியில் விட்டு, சாணிக் கரைசல் ஊற்றி, சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்தார். இரண்டு மாதத்தில் கேஸ் வந்தது. ஜவ்வரிசி வறுக்கும் அடுப்புக்கு விறகு பாதியாகக் குறைந்தது.

அப்புறம் ஒருநாள் கேஸ் நின்றுபோனது. எல்லோரும் அவரைத்தான் குறை சொன்னோம். அவர் பதில் பேசாமல் இரண்டு நாள் மில்லிலேயே தங்கி, தொட்டி தொட்டியாகத் தண்ணீரைச் சோதித்தார். கடைசியில் அப்பாவிடம், "மாவு வெளுக்கறதுக்கு என்னங்க போடறீங்க?" என்றார்.

குளோரின் கலந்த ப்ளீச்சிங் மருந்து. தொட்டிக்குள் ஒருவகை நுண்ணுயிர் மாவுச்சத்தை அமிலமாக்கும். இன்னொரு வகை அதிலிருந்து மீத்தேன் உண்டாக்கும். இந்த இரண்டாவது வகை புளிப்பு ஏறினாலே சுணங்கிவிடும். குளோரின் பட்டால் பிழைக்குமா? மருந்தை நிறுத்தி, புதுச் சாணி விட்டு, மறுபடி கேஸ் வர ஒன்றரை மாதம் ஆனது.

ஒரு மில்லை வைத்துப் பேசாதே என்பார்கள். சரி, நான் பார்த்தது ஒன்றுதான். தொட்டியிலிருந்து வெளியே வருவது நல்ல தண்ணீர் என்றும் நான் சொல்லவில்லை. அதற்குக் காற்றேற்றி இன்னொரு சுத்திகரிப்பு வேண்டும் என்று அவரே சொன்னார். பெரியம்மா கிணற்றில் நாற்றம் போக நான்கு மழைக்காலம் ஆனது. இப்போது தென்னைக்குப் பாய்ச்சுகிறார்கள், குடிக்க எடுப்பதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் மனசு ஆறவில்லை. மருந்து போடாத ஜவ்வரிசி கொஞ்சம் மங்கலாக இருக்கும். அதைச் சொல்லியே வியாபாரிகள் எங்கள் மூட்டைக்கு விலையைக் குறைத்தார்கள். மக்காச்சோள மாவு கலந்த பளீர் வெள்ளை முதலில் விற்றுப்போகும். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா செய்தித்தாளை இரண்டு முறை படித்தார். அதற்குள் மில்லை விற்றாகிவிட்டது.