வாயும் நாக்கும் தாமாக அசைகின்றன: இணையவழி மருத்துவரிடம் மருந்து வாங்கலாமா?

வாசகர் கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. பல ஆண்டுகளாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். நோய் கட்டுக்குள் இருக்கிறது. சென்ற ஆண்டிலிருந்து அவருடைய வாய் எதையோ மெல்லுவதுபோல் அசைந்துகொண்டே இருக்கிறது. நாக்கும் அவ்வப்போது வெளியே வந்து போகிறது. விசேஷ வீடுகளுக்கு வர மறுக்கிறார். எங்கள் ஊரில் நரம்பியல் மருத்துவர் இல்லை. கைப்பேசிச் செயலி வழியாக ஒரு மருத்துவரிடம் பேசினால், அசைவை அடக்கும் டெட்ராபெனசின் மாத்திரையை எழுதித் தருவார் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அப்படி வாங்கலாமா?
— வாசகி, தேனி மாவட்டம்

பதில்: நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் டார்டிவ் டிஸ்கைனீசியாவாக இருக்கும். மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளின் ஏற்பிகளை நீண்ட காலம் தடுக்கும் மருந்துகளால், குறிப்பாக மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் மருந்துகளால், மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தோன்றும் அசைவு இது. வயது கூடியவர்களுக்கும் பெண்களுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம். வெற்றிலை மெல்லுகிறார், பல்செட் பொருந்தவில்லை என்றெல்லாம் வீட்டார் நினைத்துக்கொண்டிருப்பதால், மருத்துவரிடம் வருவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடுகின்றன. நீங்கள் கவனித்துக் கேட்டிருப்பது நல்லது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மனநோய் மாத்திரைதான் காரணம் என்று தெரிந்தவுடன் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அசைவு இன்னும் கடுமையாகலாம். அடங்கியிருந்த மனநோயும் திரும்பிவிடலாம்.

இணையவழி ஆலோசனை நம் நாட்டில் சட்டப்படி செல்லுபடியாகும். 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் மருந்துகளைப் பட்டியல்களாகப் பிரித்து அதற்கு வரையறைகளை வகுத்துள்ளன. கடையில் சீட்டில்லாமல் வாங்கக்கூடிய எளிய மருந்துகளை எந்த வழியில் பேசினாலும் பரிந்துரைக்கலாம். அதற்கு அடுத்த பட்டியலில் உள்ளவற்றை முதன்முறை பார்க்கும் நோயாளிக்கு எழுத வேண்டுமானால் காணொளியில் பார்த்தாக வேண்டும். மூன்றாவது பட்டியலில் உள்ளவற்றை, ஏற்கெனவே நேரில் பார்த்து அதே நோய்க்குச் சிகிச்சை அளித்துவரும் நோயாளிக்கு, கூடுதல் மருந்தாக மட்டுமே எழுதலாம். நேரில் பார்த்து ஆறு மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டால் அவர் மீண்டும் முதன்முறை நோயாளியாகவே கருதப்படுவார். நோய் இன்னதென்று, தற்காலிகமாகவேனும், கணிக்காமல் மருந்து எழுதுவது தொழில் ஒழுங்கீனம் என்றும் அந்த நெறிமுறைகள் வெளிப்படையாகக் கூறுகின்றன. செயலியில் முன்பின் தெரியாத மருத்துவர் ஒருவர் சில நிமிடங்கள் பேசிவிட்டு டெட்ராபெனசின் எழுதினால், அவர் எந்தக் கணிப்பின் பேரில் எழுதினார் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சீட்டில் அவருடைய பதிவு எண் இல்லையென்றால் அந்தச் சீட்டை நம்ப வேண்டாம்.

ஆகவே என் ஆலோசனை இது. புதிய மருத்துவரைத் தேடுவதற்கு முன், அம்மாவுக்கு இத்தனை ஆண்டுகள் மாத்திரை எழுதிவரும் மனநல மருத்துவரிடம் காணொளியில் பேசுங்கள். எந்த மருந்து எவ்வளவு காலம் கொடுக்கப்பட்டது, எந்த மருந்தை மாற்றியபோது நோய் திரும்பியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இந்த அசைவுக்கான சிகிச்சையின் முதல் படி பெரும்பாலும் புதிய மாத்திரை சேர்ப்பதாக இருக்காது. இருக்கும் மருந்தின் அளவைக் குறைக்கலாமா, வேறொன்றுக்கு மெதுவாக மாற்றலாமா என்று பார்ப்பதாகவே இருக்கும். அந்த முடிவை அவரால்தான் பொறுப்புடன் எடுக்க முடியும். மனநோய் மாத்திரையோடு டிரைஹெக்சிபெனிடில் என்ற மாத்திரையும் தரப்படுகிறதா என்று அம்மாவின் மாத்திரை அட்டைகளைப் பாருங்கள். கை நடுக்கத்துக்கும் உடல் இறுக்கத்துக்கும் அது உதவும். ஆனால் வாய், நாக்கு அசைவை அது அதிகமாக்கக்கூடும். இன்னும் தேவைதானா என்று அவரிடமே கேளுங்கள்.

அதன் பிறகு ஒரு முறையாவது அம்மாவை நேரில் காட்டியே ஆக வேண்டும். நாள் முழுவதும் செலவாகும் என்பது உண்மைதான். ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கையை மடக்கி நீட்டிப் பார்த்தால்தான் தசை இறுக்கம் தெரியும். திரையில் அது தெரியாது. இரத்தச் சர்க்கரை மிகவும் உயர்ந்துவிட்ட முதியவர்களுக்கு, குறிப்பாக நம்மைப் போன்ற ஆசிய நாட்டுப் பெண்களுக்கு, உடலின் ஒரு பக்கம் மட்டும் வீசி வீசி ஆடும் அசைவு திடீரென்று வருவதுண்டு; அங்கே முதல் மருத்துவம் சர்க்கரையைக் குறைப்பதுதான். தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் அசைவுகள் வரலாம். பல்செட் சரியில்லாததாலும் வாய் அசையலாம். அசைவு என்பது ஓர் அறிகுறி மட்டுமே. காரணத்தைப் பார்க்காமல் அதை அடக்கும் மாத்திரையை மட்டும் கொடுப்பது ஆபத்தானது.

டெட்ராபெனசின் நல்ல மருந்துதான், நானும் எழுதுகிறேன். குறைந்த அளவில், பெரும்பாலும் நாளொன்றுக்கு 12.5 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து அது. சிலருக்குத் தூக்கமும் சோர்வும் வரும். சிலருக்குப் பார்க்கின்சன் நோய் போன்ற இறுக்கமும் மந்தமும் வரும். எனக்கு மிகவும் கவலை தருவது மனச்சோர்வு. இம்மருந்து அதை உண்டாக்கலாம், ஏற்கெனவே இருந்தால் கூட்டலாம். தற்கொலை எண்ணம் தோன்றக்கூடும் என்ற எச்சரிக்கையும் இதற்கு உண்டு. அம்மாவுக்கு முன்பு எப்போதாவது அத்தகைய எண்ணம் வந்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். புளூவாக்சிடின், பாராக்சிடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் உடலில் இதன் அளவை உயர்த்திவிடும் என்பதால், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மாத்திரை தொடங்கிய பின் அவர் பேச்சு குறைந்து, சாப்பாட்டில் விருப்பம் இழந்து, அழுதபடி இருந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள். அவர் கிடைக்காத வேளையில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசகர்களுடன் தமிழில் பேசலாம்.

நேரில் பார்த்து மருந்து முடிவான பிறகு காணொளி ஆலோசனை உண்மையிலேயே உங்களுக்குக் கைகொடுக்கும். அளவு கூட்டுவதையும் பக்கவிளைவுகளைக் கேட்பதையும் பெரும்பாலும் அதன் வழியாகவே செய்துவிடலாம். அதற்கு முன் வீட்டில் ஒரு பதிவு எடுத்து வைத்திருங்கள். வாயில் பாக்கோ மிட்டாயோ இருக்கக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பிடி இல்லாத நாற்காலியில், வெளிச்சம் முகத்தில் படும்படி அம்மாவை உட்காரச் சொல்லுங்கள். சிறிது நேரம் சும்மா இருக்கட்டும். பிறகு வாயைத் திறந்து நாக்கை உள்ளேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். அதன்பின் நாக்கை நீட்டச் சொல்லுங்கள். கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வேகமாகத் தொடும்படி, ஒரு கைக்குப் பத்துப் பதினைந்து வினாடி செய்யச் சொல்லுங்கள். அப்போது படம் அவருடைய முகத்தையும் காட்ட வேண்டும், ஏனென்றால் கை வேலையில் கவனம் போகும்போதுதான் வாயசைவு நன்றாக வெளிப்படும். இறுதியாக, எழுந்து நடந்து திரும்பி வரட்டும். இந்த அசைவுகளை மதிப்பிட நாங்கள் பயன்படுத்தும் அளவுகோலில் உள்ள சோதனைகள்தான் இவை. மாதம் ஒரு முறை அதே நாற்காலியில், அதே வெளிச்சத்தில் எடுத்தால் மருந்து வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும். கட்டணம் சுமையாக இருந்தால், மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவையில் மருத்துவர்களிடம் இலவசமாகப் பேசலாம்.

கேள்வி: என் அப்பாவுக்கு இரண்டு கைகளும் நடுங்குகின்றன. செயலியில் பேசிய மருத்துவர் ஐந்து நிமிடத்தில் புரோப்ரனலால் எழுதிவிட்டார். ஆஸ்துமா இருக்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை. அப்பாவுக்கு இளம் வயதிலிருந்தே அது உண்டு. வாயுத் தொல்லைக்கு ஒரு மாத்திரையும் தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரையும் நெடுநாளாகச் சாப்பிடுகிறார்.
— வாசகர், கும்பகோணம்

பதில்: அந்த மாத்திரையைத் தர வேண்டாம். பரம்பரையாக வரும் கை நடுக்கத்துக்கு அது பயன்படும் மருந்துதான். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக் குழாய்களைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தை உண்டாக்கலாம். ஏற்கெனவே சில நாட்கள் சாப்பிட்டிருந்தால் உடனே ஒரு மருத்துவரிடம் தெரிவியுங்கள். ஆஸ்துமா இருப்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லிவிடும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வாயுத் தொல்லைக்கென்று இங்கே தரப்படும் பல மாத்திரைகளில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு லெவோசல்பிரைடு சேர்ந்திருக்கிறது. அதுவும் டோபமினைத் தடுத்து நடுக்கத்தை உண்டாக்கக்கூடிய மருந்துதான். தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசினும் ஒற்றைத் தலைவலிக்குத் தரும் புளூனரிசினும் முதியவர்களுக்கு நடுக்கத்தையும் நடைத் தளர்ச்சியையும் கொண்டுவரலாம். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடை 12 வாரங்களுக்கு மேல் தொடர்வதைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-இல் எச்சரித்தது. அப்பாவின் மாத்திரை அட்டையைத் திருப்பி, பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படியுங்கள். நான் சொன்னவற்றில் ஏதேனும் இருந்தால், புதிய மாத்திரை எதுவும் சேர்ப்பதற்கு முன் இதை நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நிறுத்திய சில மாதங்களில் நடுக்கம் குறைந்துவிடுவதைப் பலரிடம் பார்க்கிறோம்.

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் வேலை செய்கிறேன். மதுரையில் உள்ள அம்மாவுக்கு டார்டிவ் டிஸ்கைனீசியா. இங்குள்ள இணையவழி மருத்துவரிடம் அம்மாவைக் காணொளியில் காட்டி, வால்பெனசின் வாங்கி அனுப்பலாமா?
— வாசகர், அமெரிக்கா

பதில்: அமெரிக்காவில் இந்நோய்க்கென்று முதலில் அனுமதி பெற்ற மருந்து வால்பெனசின், 2017 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டியூடெட்ராபெனசினும் வந்தது. ஆனால் அங்கே ஒரு மருத்துவர், நோயாளி இருக்கும் மாநிலத்தில் உரிமம் பெற்றிருந்தால்தான் பொதுவாகச் சிகிச்சை அளிக்கலாம். மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு நியூ ஜெர்சி மருத்துவர் எழுதும் சீட்டு சரியான வழி ஆகாது; உங்கள் பெயரில் சீட்டு வாங்கி அம்மாவுக்கு அனுப்புவது அதைவிடத் தவறு.

இந்தியாவுக்குள் மருந்து கொண்டுவரவும் விதிகள் உள்ளன. பயணி தன் சொந்தப் பயன்பாட்டுக்குத் தன் பெட்டியில் எடுத்து வருவதற்கு, ஒரு மருந்துக்கு நூறு வேளை அளவு என்ற வரம்பு இருக்கிறது. தனியாக அஞ்சலில் வரவழைக்க, இங்குள்ள மருத்துவரின் சீட்டுடன் 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து, 12பி அனுமதி பெற வேண்டும். இவ்வளவும் தேவையா என்று முதலில் பாருங்கள். இந்தியாவில் கிடைக்கும் டெட்ராபெனசினும், மூளையில் வால்பெனசின் தடுக்கும் அதே புரதத்தைத்தான் தடுக்கிறது. நாளுக்கு இரண்டு மூன்று வேளை சாப்பிட வேண்டியிருக்கும், மனச்சோர்வைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். மதுரை மருத்துவர் அம்மாவை நேரில் பார்க்கும் நாளில் நீங்களும் காணொளியில் சேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு வயது 19. கை நடுங்குகிறது, எழுத்து கோணுகிறது, பேச்சு குழறுகிறது. இணையத்தில் பேசிய மருத்துவர் பதற்றம் என்று சொல்லி மாத்திரை எழுதியிருக்கிறார்.
— வாசகி, நாமக்கல்

பதில்: இந்த வாரமே நேரில் அழைத்துச் செல்லுங்கள். இந்த வயதில் இத்தகைய அசைவும் பேச்சுக் குழறலும் சேர்ந்து வந்தால், உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய் இல்லை என்று உறுதி செய்யாமல் விடக் கூடாது. இரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் அளவு, ஒரு நாள் சிறுநீரில் தாமிர அளவு, ஈரல் சோதனைகள், கண் மருத்துவர் பெரிதாக்கும் விளக்கொளியில் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் தேடும் சோதனை ஆகியவை தேவைப்படும். இவற்றில் எதையும் கைப்பேசித் திரையில் செய்ய முடியாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரைகளால் கட்டுப்படுத்தக்கூடிய நோய் இது. தாமதித்தால் மூளையும் ஈரலும் நிரந்தரமாகப் பாதிக்கப்படும். இது மரபு வழி நோய் என்பதால், தம்பிக்கு உறுதியானால் உங்களுக்கும் உடன்பிறந்த மற்றவர்களுக்கும், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.