வெல்டிங் ஜெனரேட்டரா, ஜெனரேட்டரும் வெல்டிங் மெஷினும் தனித்தனியாகவா?

ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “வேலிக்கு ஆங்கிள் நடுவது, கலப்பை, டிரெய்லர் பழுது என்று மாதத்தில் சில நாட்கள் தோட்டத்திலேயே வெல்டிங் வேலை வருகிறது. மின்தடை நேரத்தில் வீட்டுக்கும் கரண்ட் தேவைப்படுகிறது. 200 ஆம்பியர் பெட்ரோல் வெல்டிங் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கினால் வெல்டிங், வீடு, 5 எச்.பி. போர்வெல் மோட்டார் ஆகிய மூன்றுக்கும் போதுமா?”

மூன்றில் ஒன்றை, அதாவது போர்வெல் மோட்டாரை, இப்போதே கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். 5 எச்.பி. மும்முனை மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் நொடிகளில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு கேட்கும். அதைத் தாங்குவதற்கு 12.5 முதல் 15 கே.வி.ஏ. வரையுள்ள மும்முனை டீசல் ஜென்செட் வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் கிளம்பும் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்பது சரிதான். ஆனால் அதற்குக் கிணற்றுக்குள் இருக்கும் மோட்டாரிலிருந்து ஆறு ஒயர் முனைகளும் மேலே வந்திருக்க வேண்டும், உங்கள் அளவு மோட்டார்களில் பெரும்பாலும் மூன்றுதான் வந்திருக்கும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வகைப் பெட்ரோல் இயந்திரமோ பொதுவாக ஒருமுனை 230 வோல்ட் மட்டுமே தரக்கூடியது. ஆகவே தண்ணீருக்கு வேறு வழியைத்தான் தேட வேண்டும்.

அடுத்து வெல்டிங். கடையில் எத்தனை ஆம்ப்ஸ் வேண்டும் என்று கேட்பார்கள். நீங்கள் எந்த ராடு எரிக்கப் போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். நம் ஊர் வெல்டர்கள் 12 நம்பர் என்று சொல்லும் 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் வரை போதும். வேலி ஆங்கிள், ஜன்னல் கம்பி, மெல்லிய ஜி.ஐ. பைப் எல்லாம் இதிலேயே முடிந்துவிடும். 10 நம்பர், அதாவது 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130 வரை வேண்டும். கலப்பைச் சட்டமும் டிரெய்லர் சேனலும் இந்தக் கணக்கில் வரும். 8 நம்பர் எனப்படும் 4 மி.மீ. ராடுக்கு 140 முதல் 180 வரை போகும். மாதத்தில் சில நாட்கள் பழுது பார்க்கும் தோட்டத்தில் 8 நம்பர் ராடுக்கு வேலை வருவது அரிது. அதை எரிப்பதற்காக 200 ஆம்பியர் இயந்திரம் வாங்க வேண்டியதில்லை.

இயந்திரத்தின் தகட்டில் 200 என்று போட்டிருப்பதையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். அதன் பக்கத்திலேயே ட்யூட்டி சைக்கிள் என்று ஒரு விழுக்காடு இருக்கும். பத்து நிமிடத்தை அடிப்படையாகக் கொண்ட கணக்கு அது. 200 ஆம்பியரில் 30 விழுக்காடு என்றால் மூன்று நிமிடம் பற்றவைத்து ஏழு நிமிடம் ஆற விட வேண்டும் என்று பொருள். நீங்கள் பார்க்க வேண்டியது 60 விழுக்காட்டில் அது எத்தனை ஆம்பியர் தருகிறது என்பதை. அது 120ஐத் தாண்டினால் உங்கள் வேலைக்கு ஏற்றது.

இனி, ஒரே இயந்திரமா, தனித்தனியா என்ற கேள்விக்கு வருவோம். சாதாரண ஜெனரேட்டரில் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினை ஓட்டுவதானால் எவ்வளவு திறன் வேண்டும் என்று கணக்கிடலாம். 120 ஆம்பியரில், ராடின் நுனியில் எரியும் மின்வில்லின் மின்னழுத்தம் சுமார் 25 வோல்ட். ஆக, வில்லுக்கு மட்டும் 3 கிலோவாட். மெஷினின் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 3.6 கிலோவாட். சாதாரண இன்வெர்ட்டர் மெஷின்களின் பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலையாக மாறும் பங்கு) 0.7ஐ ஒட்டியே இருப்பதால் ஜெனரேட்டரின் மேல் விழும் சுமை 5 கே.வி.ஏ.வைத் தாண்டிவிடும். பவர் ஃபேக்டரைத் திருத்தும் சுற்று, அதாவது பி.எஃப்.சி., உள்ளே இருக்கும் மெஷினானால் அதே வேலைக்கு 4 கே.வி.ஏ. போதும். விலை சற்றுக் கூடினாலும், ஜெனரேட்டரில் ஓட்டப் போகிறவர் பி.எஃப்.சி. உள்ளதையே வாங்குவது நல்லது.

என் பரிந்துரை தனித்தனியாக வாங்குவதுதான். தொடர்ந்து 6 கே.வி.ஏ. தரக்கூடிய, மின்னழுத்தத்தைத் தானாகச் சீராக்கும் ஏ.வி.ஆர். உள்ள ஜெனரேட்டர் ஒன்றும், 160 ஆம்பியர் பி.எஃப்.சி. இன்வெர்ட்டர் மெஷின் ஒன்றும் உங்களுக்குப் போதும். கரண்ட் இருக்கும் நாளில், இணைப்பின் அனுமதித்த சுமைக்குள் அடங்குமானால், வெல்டிங் மெஷினை வீட்டு மின்சாரத்திலேயே ஓட்டிக்கொள்ளலாம். ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும். இரண்டையும் தனித்தனியே வண்டியில் ஏற்றுவதும் எளிது. (விவசாய இலவச இணைப்பில் வெல்டிங் மெஷினைச் சொருகும் பழக்கம் பல தோட்டங்களில் உண்டு. அனுமதி பெறாத பயன்பாட்டுக்கு மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவில் அபராத மதிப்பீடு உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.) கட்டடத்துக்குக் கட்டடம் போய் நாள் முழுக்க 10 நம்பர், 8 நம்பர் ராடு எரிக்கும் ஒப்பந்தக்காரருக்கோ, 7018 போன்ற லோ-ஹைட்ரஜன் ராடில் குழாய் இணைப்பவருக்கோ ஒருங்கிணைந்த வெல்டிங் ஜெனரேட்டர்தான் சரி. அதன் வில் நிலையாக நிற்கும். எஞ்சினும் ஆல்டர்னேட்டரும் அந்த வேலைக்கென்றே அமைந்தவை.

ஒருங்கிணைந்ததைத்தான் வாங்குவது என்று முடிவு செய்தாலும், பற்றவைத்துக்கொண்டே வீட்டுக்கும் கரண்ட் தரலாம் என்று எண்ண வேண்டாம். வெல்டிங்குக்குப் போக மிஞ்சுவதுதான் பிளக்குக்கு வரும். ராடு ஒவ்வொரு முறை உரசும்போதும் எஞ்சின் இழுபட்டு மின்னழுத்தம் ஆடும். அந்த நேரத்தில் 4 அங்குல கிரைண்டரையும் ஒரு விளக்கையும் ஓட்டலாம், ஃபிரிட்ஜையும் டி.வி.யையும் ஓட்டக் கூடாது. சுமை இல்லாதபோது எஞ்சின் வேகத்தைத் தானாகக் குறைக்கும் ஆட்டோ ஐடில் வசதி உள்ள இயந்திரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: செல்போன் சார்ஜர், ஒற்றை எல்.இ.டி. பல்பு போன்ற சிறு சுமையை அது உணராமல் எஞ்சினைத் தாழ்ந்த வேகத்திலேயே வைத்திருக்கும். அப்போது வரும் மின்சாரத்தில் வோல்டேஜும் குறைவு, ஹெர்ட்ஸும் குறைவு. அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு இணைக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய அமெரிக்க வெல்டிங் ஜெனரேட்டர்கள் மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். அவை 120/240 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்காக நிமிடத்துக்கு 3600 சுற்றில் ஓடுபவை. நமக்கு வேண்டிய 50 ஹெர்ட்ஸுக்காக வேகத்தை 3000க்கு இறக்கினால் மின்னழுத்தமும் திறனும் சேர்ந்தே இறங்கும்.

பெட்ரோலா டீசலா என்றால், உங்கள் அளவு பயன்பாட்டுக்குப் பெட்ரோல். டீசல் எஞ்சின் எரிபொருளைச் சிக்கனமாகக் குடிக்கும், நெடுநாள் உழைக்கும். ஆனால் விலையும் எடையும் அதிகம், நாலு ஃபேனுக்காக மணிக்கணக்கில் குறைந்த சுமையில் ஓட்டினால் சைலன்சரில் கரியும் எண்ணெய்ப் பசையும் படியும். பெட்ரோலிலும் ஒரு தொல்லை இருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் கார்புரேட்டரில் தங்கினால் ஜெட் துளையை அடைத்துவிடும். வேலை முடிந்ததும் எரிபொருள் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு இரவு முழுக்க ஃபேனும் விளக்கும் மட்டும்தான் வேண்டுமென்றால், பேட்டரி இன்வெர்ட்டர் வைத்துக்கொண்டு ஜெனரேட்டரைத் தேவைப்படும்போது சார்ஜ் ஏற்ற மட்டும் ஓட்டுங்கள், 13 எச்.பி. எஞ்சின் வெறும் முந்நூறு வாட்டுக்காக ஓடினாலும் மணிக்கு ஒரு லிட்டரை விழுங்கும்.

வீட்டு இணைப்பில் சிக்கனம் பார்க்கக் கூடாது. இருபக்கமும் ஆண் முனை கொண்ட ஒயரைப் பிளக்கில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் ஏற்றினால், அது மீட்டர் வழியாக வெளியேறி, டிரான்ஸ்ஃபார்மரில் உயர் அழுத்தமாகி, கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரைக் கொன்றுவிடக்கூடும். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துங்கள். ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த்துடன் இணைப்பதையும் மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைப்பதையும் அவரிடமே உறுதிசெய்துகொள்ளுங்கள். ஜெனரேட்டரைத் திண்ணையிலோ கதவு திறந்த ஷெட்டிலோகூட வைக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. ஜன்னலிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி, புகைக்குழல் எதிர்ப்பக்கம் பார்க்க, வெட்டவெளியில் நிற்கட்டும்.

வாங்கும் நாளில் 10 நம்பர் ராடு நாலைந்தும், ஒரு துண்டு 6 மி.மீ. பட்டையும், ஹெர்ட்ஸ் காட்டும் மல்டிமீட்டரும் எடுத்துச் செல்லுங்கள். சுமை இல்லாதபோது மீட்டர் 52 ஹெர்ட்ஸை ஒட்டிக் காட்டுவது இயல்பு. வெல்டிங் மெஷினை இணைத்து 110 ஆம்பியரில் ஒரு ராடை முழுக்க எரித்துப் பாருங்கள். மீட்டர் 49க்குக் கீழே போகாமல் நின்று, ராடை எடுத்ததும் எஞ்சின் ஏறி இறங்கித் தள்ளாடாமல் ஓரிரு நொடிகளில் பழைய வேகத்துக்கு வந்தால், எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் சரியாக இருக்கிறது. அடுத்தடுத்து மூன்று ராடு எரித்தபின் ஆல்டர்னேட்டர் பக்கம் மூக்கை வைத்து வார்னிஷ் கருகும் வாடை வருகிறதா என்று பாருங்கள். காயில் செம்பா அலுமினியமா என்பதை வாயால் கேட்டுக்கொண்டு வந்துவிடாமல் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.