கினிப் பன்றிக்கு வித்தை பழக்க முடியுமா?

வீட்டில் இரண்டு கினிப் பன்றிகள் வளர்க்கிறோம், நாய்களைப் போல இவற்றையும் வட்டமாகச் சுற்றிக் காட்ட, தடை தாண்டி ஓடப் பழக்க முடியுமா, காணொளியில் பார்த்துவிட்டுப் பையன் நச்சரிக்கிறான் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். ஆனால் அந்தக் காணொளிகளில் பாதி, யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை. சுரங்கம் மாதிரி எதைக் கண்டாலும் உள்ளே நுழைவது, சுவரோரமாகவே ஓடுவது, முன்னால் போவதன் பின்னாலேயே வரிசையாகப் போவது எல்லாம் அவற்றின் பிறவிக் குணம். அதைப் பிடித்துக்கொண்டு பழக்கினால் வேலை சுலபம்.

அறிவு போதாமல் எந்தக் கினிப் பன்றியும் திணறி நான் பார்த்ததில்லை. தடையாக இருப்பது பயம்தான். காட்டில் எல்லாருக்கும் இரையாக இருந்த வம்சம் அது. மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்துதான். பயந்தால் ஓடும், இல்லையென்றால் அசையாமல் உறைந்துவிடும். மடியில் கல்லாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து "என்ன சமத்து!" என்று சொல்வார்கள், பல நேரம் அது சமத்து இல்லை, நடுக்கம். அதனால் முதல் பாடம் உங்களுக்குத்தான். தரையில் உட்காருங்கள், கையைத் தாழ்வாக நீட்டுங்கள், அதுவாக வரட்டும். காய்கறித் துண்டைக் கையிலிருந்து வாங்கி அங்கேயே நின்று தின்கிறதா, கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படி ஓடிக்கொண்டிருக்கும் வரை வித்தைப் பேச்சே வேண்டாம்.

அப்புறம், 'சரியாகச் செய்தாய்' என்று சொல்ல ஒரு சத்தம் தேவை. கிளிக்கர் (அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் சின்னக் கருவி) சிலவற்றுக்குத் தூக்கிவாரிப் போடும். நாக்கால் 'டக்' என்று ஒரு ஒலி போதும். டக் என்றதும் ஒரு துண்டு கொடுங்கள். ஒலி கேட்டதுமே தலை உங்கள் பக்கம் திரும்பினால் விஷயம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து ஒரு குச்சி. நுனியை மூக்கால் தொட்டால் டக், துண்டு. குச்சியை நேராக மூக்குக்கு முன்னால் நீட்டாதீர்கள். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் மூக்குக்கு நேர் எதிரே இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது. கொஞ்சம் பக்கமாகக் காட்டுங்கள். ஆரம்பத்தில் முன்பாதி மட்டும்தான் வரும். கழுத்தை நீட்டி, உடம்பை இழுத்து முகரும். பின்னங்கால்கள் மட்டும் பழைய இடத்திலேயே ஊன்றியிருக்கும், எந்த நொடியும் திரும்பி ஓட வசதியாக. நான் மூக்கை விட அந்தப் பின்னங்கால்களைத்தான் பார்ப்பேன். அவையும் சேர்ந்து நடந்து வந்தால் நம்பிக்கை வந்துவிட்டது. அதன் பிறகு குச்சியை வட்டமாக நகர்த்தினால் சுற்றும், கம்புகளுக்கு நடுவே நகர்த்தினால் வளைந்து வளைந்து வரும்.

தடைகளில் சுரங்கம்தான் முதலில். மறுமுனை கண்ணுக்குத் தெரிகிற குட்டைச் சுரங்கமாக ஆரம்பித்து, பிறகு நீளமும் வளைவும் கூட்டலாம். தாண்டுவதற்குக் கம்பியை முதலில் தரையிலேயே கிடத்துங்கள், இரண்டு பக்கமும் அட்டை நிறுத்துங்கள், இல்லையென்றால் சுற்றிக்கொண்டு போய்விடும் (நாமும் அதைத்தானே செய்வோம்!). இரண்டு மூன்று செ.மீ. உயரத்துக்கு மேல் எனக்கு உடன்பாடில்லை. நீண்ட முதுகு, குட்டைக் கால், ஒரு கிலோவை ஒட்டிய எடை: குதிக்கச் செய்த உடம்பு இல்லை அது. சோபா உயரத்திலிருந்து விழுந்தாலே எலும்பு முறியலாம். சீசா போன்ற ஏற்ற இறக்கப் பலகையை அடியில் முட்டுக் கொடுத்து அசையாமல் வைத்துத் தொடங்குங்கள், காலடியில் ஆடினால் மறுபடி பக்கத்தில் வராது. வழுக்கும் தரையில் துணி விரித்துவிடுங்கள். ஓடுசக்கரம், உருளும் பந்து, உடம்பில் மாட்டும் வார் மூன்றும் வேண்டவே வேண்டாம், முதுகெலும்புக்கு ஆபத்து.

பரிசுக்குக் குடைமிளகாய் அருமை. நம்மைப் போலவே இவற்றின் உடம்பும் வைட்டமின் சி தயாரிக்காது, ஆகவே பயிற்சியோடு அந்தத் தேவையும் ஓரளவு நிறைவேறும். நகத்தளவு துண்டு போதும். பழத்தில் சர்க்கரை அதிகம், எப்போதாவது கொடுத்தால் சரி. பசியாக இருந்தால் நன்றாகக் கற்கும் என்று பட்டினி போடுகிறவர்களும் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய பிராணி. உலர்புல் எந்நேரமும் இருக்க வேண்டும். காய்கறி வைக்கும் வேளைக்குச் சற்று முன் பயிற்சியை வைத்துக்கொண்டால் ஆர்வம் தானாக வரும்.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் தாராளம். பல்லைக் கடகடத்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டால், ஒளிந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். அறை 26 டிகிரியைத் தாண்டினாலும் ஓட விடாதீர்கள், வெயில் தாக்கம் போலச் சட்டென்று சுருண்டுவிடும். இரண்டையும் பிரித்துத் தனி அறையில் பழக்குவது சரிப்படாது, துணை கண்ணில் படாவிட்டால் மிரளும். நடுவில் வலைத் தடுப்பு வைத்து, காத்திருப்பதற்குக் கொஞ்சம் கீரையைத் தூவிவிடுங்கள்.

பையனுக்குச் சுவாரசியமாக இருக்காது, ஆனால் எனக்குப் பிடித்த வித்தை, எடைத் தராசில் தானாக ஏறி நிற்பது. நோயை மறைப்பதில் இவை கில்லாடிகள். சாப்பாடு குறைவது நம் கண்ணில் படுவதற்கு முன்பே எடை இறங்கியிருக்கும். வாரம் ஒரு முறை துரத்திப் பிடிக்காமல் எடை பார்க்க முடிந்தால், குச்சி பழக்கிய பாடு அதிலேயே வசூலாகிவிடும்.